காளான் அறையைக் கழுவிய கதை

போன வாரம் பார்த்தபோது 20 பெட்டில், அதாவது வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த பைகளில், 19 வெள்ளை வெளேரென்று வித்து ஓடி இழை பரவியிருந்தது. கதவோரம் தொங்கிய ஒன்று மட்டும் பச்சைப் பூசணம். இந்தக் கணக்குக்கு வந்து சேர எனக்கு எட்டு மாதம் ஆனது. எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட பெட்டை எருக்குழியில் கொட்டியிருக்கிறேன். கடையில் கிடைக்கிற கிருமிநாசினி ஒன்று விடாமல் வாங்கிப் பார்த்தாயிற்று. நோட்டில் கிறுக்கி வைத்ததையெல்லாம் மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நெல்லிக்குப்பத்துக்கு மேற்கே. கடலூர் சிப்காட்டில் ஒன்பது வருடம் ஒப்பந்த வேலை பார்த்தேன். அதை விட்டபிறகுதான் சிப்பிக்காளான். கீற்றுக் குடில் ஒன்று, வித்து ஓடுவதற்குப் பத்துக்குப் பத்தில் ஓட்டு வீட்டு அறை ஒன்று. வாரம் 20 பெட் போடுவேன். ஒரு பெட்டுக்கு வைக்கோல், பாலித்தீன் பை, வித்து, விறகு எல்லாம் சேர்த்து 45 ரூபாய் வரை செலவு. நன்றாக வந்தால் 700 கிராம் காளான் எடுக்கலாம். உழவர் சந்தையிலும் நாலு மெஸ்ஸிலும் கொடுக்கிறேன். இருபதில் ஒன்று கெடுவது வழக்கம்தான், அதற்காக யாரும் அழுவதில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. குடிலின் கீற்று பாதி போனது, வித்து அறையில் ஓடு நழுவி தரையெல்லாம் தண்ணீர். இரண்டு நாளில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து கரையோர ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபோது, நமக்கு ஓட்டோடு போயிற்றே என்றுதான் தோன்றியது. ஓட்டை மாற்றி, தரையைத் துடைத்து, டிசம்பர் நடுவில் மறுபடி 20 பெட் போட்டேன். பன்னிரண்டாம் நாள் பைக்குள் திட்டுத்திட்டாகப் பச்சை. முதலில் வெள்ளையாகத்தான் வரும், வித்து ஓடுகிறது என்று சந்தோஷப்படுவோம். மறுநாள் அந்த வெள்ளையே பாசி நிறத்துக்கு மாறும். ட்ரைக்கோடெர்மா என்று பெயர். வயலில் போட்டால் நண்பன், காளானுக்கு எமன். 20-இல் 9 போனது.

வைக்கோலைக் கொதிக்க வைப்பதில் குறை என்று முதலில் நினைத்தேன். 200 லிட்டர் பேரலில், முந்திரி விறகு போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு மணி நேரம். அதை ஒன்றரை மணியாக்கினேன். 20-இல் 8. ஆக வைக்கோலோடு வரவில்லை, வெந்த பிறகுதான் எங்கிருந்தோ ஒட்டுகிறது என்று முடிவு செய்தேன். வெந்த வைக்கோல் இலை போட்டுப் பரிமாறி வைத்த பந்தி மாதிரி. முதலில் வந்து உட்கார்ந்தவன் சாப்பிடுவான். நம் வித்து உட்காருவதற்குள் பச்சைப்பயல் உட்கார்ந்துவிடுகிறான். அது வரைக்கும் நான் யோசித்தது சரி. அடுத்து, அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடியிருக்க வேண்டும். நானோ எந்த மருந்து அடித்தால் சாவான் என்று தேடப் போய்விட்டேன்.

பினாயிலில் ஆரம்பித்தேன். வெள்ளை பினாயில் லிட்டர் 50 ரூபாய், தரையையும் மேசையையும் துடைத்தேன். வாசம் ஆஸ்பத்திரி மாதிரி வந்தது, பெட் 8 போனது. அடுத்த வாரம் கறுப்பு பினாயில், தண்ணீரில் ஊற்றினால் பாலாக மாறுமே, அது. 7 போனது. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. தப்பித்த 13 பெட்டில் எடுத்த காளானைச் சந்தையில் வாங்கிப்போன அம்மா ஒருவர் மறுநாள் காலையிலேயே பாக்கெட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “மோந்து பாருப்பா” என்றார். மோந்தேன். தார் ரோடு போடுகிற வாசம் லேசாக. அன்றைக்கு இருந்த 6 கிலோவையும் மாட்டுக்கு வைத்தேன், மாடும் யோசித்துத்தான் தின்றது. கறுப்பு பினாயிலை மாட்டுக்கொட்டகைக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அது நல்ல சரக்கு.

மூன்றாவது பிளீச்சிங் பவுடர். எங்கள் ஊர்க் கடையில் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள், கிலோ 40 ரூபாய். பத்து லிட்டர் வாளிக்கு 100 கிராம் போட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை எடுத்துத் துடைத்தேன். 8 போனது. இதற்குப் பேசாமல் பச்சைத் தண்ணீரிலேயே துடைத்திருக்கலாம் என்று எரிச்சல் வந்தது.

அந்த எரிச்சலில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஊராட்சித் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் புலம்பினேன். அவர் கேட்டார், “தம்பி, பவுடர்ல காரம் இருக்கான்னு பாத்தியா? மூட்டைய ஒடைச்சு ஆறு மாசம் வெச்சிருப்பாங்க, மழைக்காத்துல செத்துப் போயிருக்கும்.” சட்டைப்பை சைஸில் இருக்கிற குளோரோஸ்கோப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். குடிநீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர்கள் வைத்திருப்பது. தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதைப் பக்கத்தில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

அது ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் காட்டும், நம் வாளியில் இருப்பதோ ஆயிரக்கணக்கில். அதனால் இப்படிச் செய்தேன். புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் குளோரின் இருக்க வேண்டும். காளான் எடை போடுகிற தராசில் 10 கிராம் நிறுத்து, மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். லிட்டருக்கு 3.3 கிராம் ஆகிறது, பவுடர் நல்லதென்றால் குளோரின் 1,000 மில்லிகிராம். தெளிந்த பிறகு ஊசி போடுகிற சிரிஞ்சில் சரியாக 1 மில்லி எடுத்து ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் விட்டேன். ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் பெட்டி 1 என்று காட்ட வேண்டும். ஊர்க் கடைப் பவுடருக்கு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற மஞ்சள், 0.2. கடலூர் போய் சீல் உடைக்காத பாக்கெட் ஒரு கிலோ 70 ரூபாய்க்கு வாங்கிவந்து அதே மாதிரி பார்த்தேன். எலுமிச்சைப்பழ மஞ்சள், ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு காரத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறேன்.

புதுப் பவுடரில் பெட் 5 போனது. முன்னேற்றம்தான். ஆனால் மேசைக்கால் ஆணிகள் பத்தே நாளில் துருப்பிடித்துக் காவிநிறம் ஒழுகின. வைக்கோல் நறுக்குகிற அரிவாளை அந்த வாளிக்குள் போட்டு மறந்துவிட்டேன், அதன் கதையும் அதோடு முடிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். துடைத்து மிச்சமான பிளீச்சிங் தண்ணீரைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றப் போனேன். அன்றைக்கென்று வீட்டில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றி ஊறவைத்திருந்தார்கள். வாளியைக் கவிழ்த்த இரண்டு நொடியில் தொண்டையில் கம்பி சொருகின மாதிரி. அந்த நெடி எனக்குப் புதிதில்லை, சிப்காட் வேலையில் அதன் பெயரைச் சொன்னாலே ஓடப் பழக்கியிருந்தார்கள். வாளியை விட்டுவிட்டு வெளியே ஓடி, வீட்டில் இருந்தவர்களையும் தெருவுக்கு இழுத்து, அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். குளோரின் வாயு. பிளீச்சிங் பவுடரோ ஹைப்போ திரவமோ (சோடியம் ஹைப்போகுளோரைட்), ஆசிட்டோடு சேரவே கூடாது, அமோனியா கலந்த எதோடும் சேரக்கூடாது. தெரிந்தவனே செய்கிற தப்பு இது. அதற்குப் பிறகு மிச்சத் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் தனிக் குழியில் ஊற்றுகிறேன், வாளியிலும் சிவப்புப் பெயின்ட் அடித்தாயிற்று.

பிப்ரவரி முழுக்க மற்றவை. தரை துடைக்கிற வாசனைத் திரவம், பென்சல்கோனியம் குளோரைடு உள்ளது, லிட்டர் 220 ரூபாய். சோப்புத்தூள் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு அந்த நுரை மேலேயே இதை ஊற்றித் துடைத்தேன், இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலம் என்ற நினைப்பில். 7 போனது. சோப்பும் இந்த மருந்தும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும் என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் நல்ல தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். அலசிச் செய்த வாரம் 5. புண்ணுக்குப் போடுகிற ஆன்டிசெப்டிக் திரவம், குளோராக்சைலினால் 4.8 சதவீதம், அதில் 6. ஸ்பிரிட், அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 70 சதவீதம், அரை லிட்டர் 160 ரூபாய், 4. அது தடவிய ஒரே நிமிஷத்தில் பறந்துவிடுகிறது. பக்கத்தில் பேரல் அடுப்பு எரியும்போது அதைத் திறக்கவே பயம்.

ஃபார்மலினைப் பற்றிக் கேட்பீர்கள். குடிலில் புகை போட அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. 100 லிட்டர் தண்ணீருக்கு 125 மில்லி ஃபார்மலினும் 7.5 கிராம் கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியும் போட்டு அதிலேயே வைக்கோலை ஊறவைக்கிற முறையும் இருக்கிறது, விறகுச் செலவு மிச்சம். நான் அதைத் தொடவில்லை. ஃபார்மலினில் இருக்கிற ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தரும் என்று உலக அளவில் உறுதியாகப் பட்டியல் போட்டுவிட்டார்கள். வீட்டோடு ஒட்டிய அறையில், அம்மாவும் பிள்ளைகளும் நடமாடுகிற இடத்தில், அது வேண்டாம். இதில் எனக்கு விவாதம் கிடையாது.

கடைசியாக மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு, 6 சதவீதம், 20 வால்யூம் என்று போட்டிருக்கும், அரை லிட்டர் 90 ரூபாய். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி மேசை மேல் அடித்தேன். பெட் கட்டுகிற மேசை, நாலுக்கு மூன்று அடி, பழைய பிளைவுட் பலகை. அடித்ததும் சொரசொரவென்று சத்தம். குனிந்து பார்த்தேன். பலகையின் நடுவில் ஒன்றுமில்லை, மழமழவென்று ஈரம் மட்டும். ஆனால் விரிசல் ஓடிய இடமெல்லாம் கோடு போட்ட மாதிரி வெள்ளை நுரை பொங்கி வந்தது. ஓரத்தில் பிளைவுட் உரிந்த அடுக்குக்குள்ளிருந்து பல் விளக்கின எச்சில் மாதிரி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தால் மறுபடி அதே கோட்டில் பொங்குகிறது. பெராக்சைடு புண்ணில் பட்டால் நுரைக்குமே, அதே சங்கதிதான். உயிர்ப்பொருள் ஒட்டியிருக்கிற இடத்தில் நுரைக்கும். இரண்டு மாதமாக நான் தினமும் துடைத்துக்கொண்டிருந்த மேசை, விரிசல் முழுக்க வைக்கோல் சாறும் வித்துத் துணுக்கும் அடைத்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறது. பெராக்சைடு பூசணத்தைக் கொன்றதோ இல்லையோ, எங்கே அழுக்கு என்று விரல் வைத்துக் காட்டிவிட்டது. அந்த 90 ரூபாய்க்கு அதுவே போதும்.

அதுவரைக்கும் நான் செய்த ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு மருந்து. ஒரு வாரம் மழை, ஒரு வாரம் வெயில், வித்துப் பாக்கெட்டும் வேறு வேறு. 5 கெட்டதற்கும் 4 கெட்டதற்கும் நடுவே மருந்தா காரணம், காற்றா காரணம், யார் கண்டது? எல்லா மருந்தையும் ஒரே நாளில், ஒரே பலகையில், பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத் தட்டுக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் கிருமி வளர்க்க வெந்த உருளைக்கிழங்கைத்தான் வெட்டி வைத்தார்கள் என்று படித்த ஞாபகம். உருளைக்கிழங்குக்கா பஞ்சம்?

எட்டு ஊறுகாய் பாட்டில், கண்ணாடி. ஒவ்வொன்றிலும் அரை அங்குல கனத்தில் ஒரு வில்லை. முதல் தடவை இட்லிப் பானையில் பதினைந்து நிமிஷம் ஆவியில் வைத்தேன். இரண்டாம் நாளே எட்டும் கொழகொழவென்று நூல் விட்டு நாறின. ஒன்றுமே தொடாமல் மூடி வைத்த பாட்டிலும் சேர்ந்து நாறியதால், குற்றம் என் சமையலில் என்று புரிந்தது. மண்ணில் விளைகிற கிழங்கு, அதன் மேலிருக்கிற கிருமி சாதாரண ஆவிக்கு அசையாது. இரண்டாம் தடவை மூடியைத் தளர்த்தி வைத்து, பெரிய குக்கரில் நான்கு நான்காக, விசில் வந்த பிறகு சிறுதீயில் 40 நிமிஷம். ஆறிய பின் மூடியை இறுக்கினேன். “என்னங்க, இந்தக் குக்கர இனிமே சமையலுக்கு எடுக்கணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து குரல். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆக செலவுக் கணக்கில் ஒரு குக்கரும் சேர்த்தி.

பலகையில் பென்சிலால் ஏழு கட்டம் போட்டேன். ஒன்று தொடாதது. மற்றதில் வெறும் சோப்புத் தண்ணீர், ஆன்டிசெப்டிக் திரவம், தரைத் திரவம், ஸ்பிரிட், பிளீச்சிங் தண்ணீர் லிட்டருக்கு 10 கிராம் கணக்கில், பெராக்சைடு. எல்லாம் பத்து நிமிஷம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், காயக் காய மறுபடி தடவினேன். பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் மருந்தைத் துடைத்தேன். இல்லையென்றால் பஞ்சுக்குச்சியோடு மருந்தும் கிழங்குக்குப் போய், கட்டம் சுத்தமாக இருக்கிற மாதிரி பொய் சொல்லும். அடுத்து காது குடைகிற பஞ்சுக்குச்சியால் கட்டத்தைத் தேய்த்து, பாட்டிலைத் திறந்து வில்லையில் ஒரு கோடு, உடனே மூடி. எட்டாவது பாட்டிலைத் திறக்கவே இல்லை, அதுதான் சாட்சி.

தொடாத கட்டம் இரண்டாம் நாளே பஞ்சு மிட்டாய் மாதிரி கிளம்பி, மூன்றாம் நாள் பச்சையும் கறுப்புமாக நிறம் காட்டியது. சோப்பும் ஆன்டிசெப்டிக் திரவமும் மூன்றாம் நாள். தரைத் திரவத்திலும் ஸ்பிரிட்டிலும் நாலாம் நாள் வெள்ளைப் புள்ளிகள். பிளீச்சிங்கும் பெராக்சைடும் ஐந்தாம் நாள் வரை தாங்கின, பிறகு அவற்றிலும் ஒவ்வொரு புள்ளி. எட்டாவது பாட்டில் ஏழு நாளும் சுத்தம். ஆக வரிசை தெரிந்துவிட்டது, ஆனால் அந்தப் பிளைவுட்டில் எதுவும் முழுசாக ஜெயிக்கவில்லை.

மேசையை மாற்றினேன். அடுப்படி இடித்தபோது எடுத்து வைத்த கடப்பா கல் பலகை கொல்லையில் கிடந்தது. செங்கல் கால் கட்டி அதன் மேல் போட்டேன். சிமெண்டும் கொத்தனார் கூலியும் 900 ரூபாய். அதே சோதனையைக் கல்லில் செய்தேன், ஆனால் இந்தத் தடவை தொடாத கட்டம் தவிர எல்லாவற்றையும் முதலில் சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, அலசிய பிறகுதான் மருந்து. வெறும் சோப்போடு விட்ட கட்டத்தில் ஐந்தாம் நாள் ஒரே ஒரு புள்ளி. ஆன்டிசெப்டிக்கில் ஆறாம் நாள் ஒன்று. மற்ற நாலும் ஏழு நாளும் சுத்தம். பிளைவுட்டில் பிளீச்சிங் வாங்கிய மார்க்கைக் கல்லில் வெறும் சோப்பே வாங்கிவிட்டது. இதைப் பார்த்த அன்றைக்கு, வாங்கி அடுக்கின பாட்டில்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கல் மேசையில் கட்டிய முதல் 20 பெட்டில் 3 போனது. இரண்டாவது 20-இல் மறுபடி 3. அதற்குக் கீழே இறங்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் தற்செயலாக நடந்தது இது. வெந்த வைக்கோலை நீர் வடிய சணல் சாக்கின் மேல்தான் பரப்புவது எங்கள் வழக்கம். பிழிந்தால் கையில் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக்கூடாது, அந்தப் பதம் வரும் வரை நிழலில் கிடக்கும். அன்றைக்குச் சாக்கு நாலையும் அம்மா உளுந்து கட்ட எடுத்துப்போய்விட்டார். “டேய், பொழுதுக்கும் வைக்கப்புல்லுக்கே சாக்கு வேணுமா, நாலு நாளைக்கு எனக்குக் குடு” என்றார். சரி என்று, லாரிக்குப் போடுகிற நீல நிறத் தார்ப்பாயைச் சோப்புப் போட்டுக் கழுவி அதில் பரப்பினேன். பிளீச்சிங் பவுடர் வேறு தீர்ந்து போயிருந்தது, மேசைக்கும் அன்றைக்குச் சோப்பு மட்டும்தான். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் 20-இல் 1. கிருமிநாசினி எதுவுமே இல்லாத வாரம்தான் எல்லா வாரத்தையும்விட நல்ல வாரம்!

ஒரு தடவை நடந்ததை நம்பக்கூடாது என்று அதற்குள் படித்திருந்தேன். அடுத்த தடவை ஒரே பேரல் வைக்கோலை இரண்டாகப் பிரித்து, பாதி சாக்கில், பாதி தார்ப்பாயில். ஒரே வித்து, ஒரே மேசை, ஒரே கை. பத்துப் பத்துப் பெட். சாக்குப் பக்கம் 4 பச்சை, தார்ப்பாய்ப் பக்கம் ஒன்றுமில்லை. சாக்கையும் உருளைக்கிழங்குச் சோதனைக்கு உட்படுத்தினேன். அதில் மருந்து வித்தியாசமே தெரியவில்லை. பெராக்சைடு சாக்கில் பட்டதும் சோடா பாட்டில் உடைத்த மாதிரி நுரைத்து அடங்கியது, மூன்றாம் நாள் எல்லா பாட்டிலும் ஒரே கம்பளி. பிளீச்சிங் மூன்றாம் நாள் சாயங்காலம் வரை தாங்கியது, அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் வெந்த வைக்கோலின் சாறு குடித்து, ஈரம் காயாமல், நூல் நூலாக இடுக்கு வைத்திருக்கிற சாக்கு. அதில் பச்சை குடியிருக்காமல் வேறு எங்கே இருக்கும்? தரையையும் சுவரையும் நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அந்தச் சாக்கில்தான் வைக்கோலைப் படுக்க வைத்திருக்கிறேன்.

இப்போது செய்வது இது. தார்ப்பாய் இரண்டு, 650 ரூபாய் ஒன்று, மாற்றி மாற்றி. பயன்படுத்திய உடனே காய விடாமல் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம், மறுபடி அலசல், வெயிலில் கொடியில். மேசைக்கும் அதேதான். ஒரு லிட்டர் பிளீச்சிங் தண்ணீருக்கு 70 பைசா ஆகிறது. வாரத்துக்கு ஆறு லிட்டர் போதும். பவுடரை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இருட்டில் வைத்திருக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை குளோரோஸ்கோப்பில் பார்க்கிறேன். திரவ ஹைப்போவும் வாங்கிப் பார்த்தேன், சுண்ணாம்புக் கறை இல்லாததால் கைக்கு வசதி, ஆனால் நம்ம ஊர் வெயிலில் கேனுக்குள்ளேயே சீக்கிரம் பலம் குறைந்துபோகிறது. கத்தி, தராசுத் தட்டு, கைக்கு மட்டும் ஸ்பிரிட், மாதம் ஒரு பாட்டில். பெராக்சைடு அழுக்கு பார்ப்பதற்கு, மாதம் ஒரு தடவை கல் மேசையின் ஓரங்களில் அடித்துப் பார்ப்பேன். சுவருக்கு எந்தப் பாட்டிலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி இரண்டு கோட் அடித்ததில் சுவரில் கறுப்பு வரவே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா அடிக்கச் சொன்னதை நான்தான் நாலு வருடமாகத் தட்டிக் கழித்தேன்.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். மருந்து வகைகள் 1,400, மேசை 900, தார்ப்பாய் 1,300, குக்கரை விட்டுவிடலாம். கெட்டுப்போன பெட்டுகள் அடக்க விலையிலேயே 3,500 ரூபாய் சொச்சம், காளான் விலையில் போட்டால் அது எங்கேயோ போகிறது. மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன்பே பெராக்சைடு ஒரு பாட்டிலோடு அறை முழுக்க நடந்து, எங்கெல்லாம் நுரைக்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டிருப்பேன். வாரத்துக்கு ஒரு மருந்து என்று அலையாமல், முதல் நாளே இரண்டு பாதியாகப் பிரித்திருப்பேன்.

அந்தக் கதவோரத்துப் பெட் மட்டும் இன்னும் உறுத்தியது. மூன்று வாரமாகக் கெடுகிற ஒன்று அந்த இடத்தில்தான் கெடுகிறது. நேற்று கதவருகே நின்று யோசித்தபோது, என் காலடியைப் பார்த்தேன். உள்ளே வருகிறவர்கள் கால் துடைக்க, பிளீச்சிங் தண்ணீரில் நனைத்து நானே போட்டு வைத்திருக்கிற மடித்த சணல் சாக்கு. காலையில் நனைத்துப் போட்டது. மத்தியானம் அதைப் பிழிந்து, வந்த தண்ணீரில் ஆயிரம் பங்கெல்லாம் கலக்காமல் அப்படியே சொட்டு மருந்தை விட்டேன். கலங்கல்தான் இருந்தது, மஞ்சள் துளியும் ஏறவில்லை. சாக்கை எருக்குழிக்குக் கொண்டுபோனேன். வாசலில் இப்போது அகலமான பிளாஸ்டிக் தட்டில், சாக்கு இல்லாமல், பிளீச்சிங் தண்ணீர் மட்டும் நிற்கிறது, காலையும் மத்தியானமும் மாற்றுகிறேன். திங்கட்கிழமை அடுத்த 20.